பின் அடித்த கவர்

அவர் பெயரை இதில் எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குக் கோபம் வரும். கோபம் வந்தால் கத்துகிற ஆள் இல்லை அவர். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே, "இத யாரு பாப்பாங்க?" என்று கேட்பார், அவ்வளவுதான். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தே இதை எழுதாமல் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். இங்கேயும் அக்காவாகவே இருக்கட்டும்.

ஐந்தாறு வருஷம் இருக்கும். நானும் என் கல்லூரி சிநேகிதன் ஹக்கீமும் சேர்ந்து கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், ஒரு பாத்திரக் கடையின் மாடியில் கம்பெனி ஆரம்பித்திருந்தோம். மனசைச் சமாளிக்க ஒரு மொபைல் ஆப். இன்றைக்கு எப்படி இருக்கிறீர்கள் என்று அது கேட்கும். நீங்கள் ஒன்றிலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை அழுத்தி, தோன்றுவதை இரண்டு வரி எழுத வேண்டும். பத்து என்றால் ரொம்ப மோசம். மூச்சை இப்படி விடுங்கள், கொஞ்சம் நடந்துவிட்டு வாருங்கள் என்று அது ஏதாவது சொல்லும். வாரக் கடைசியில் உங்கள் மனசு ஏறி இறங்கியதைக் கோடாக வரைந்து காட்டும். ஊரில் சொன்னால் சிரித்தார்கள். என் மாமா ஒருவர், கோபத்துக்கு ஆப் இருந்தால் முதலில் உனக்குப் போட்டுக்கொள் என்றார். எனக்கு முன்கோபம் ஜாஸ்தி, அதை மறைக்க முடியாது. ஹக்கீம் பேசுவான், நான் செய்வேன், அதுதான் எங்கள் ஏற்பாடு.

ஆப்பை வெளியிடும் முன் நாற்பது பேரிடம் கொடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. ஊரில் நாலு பேரோடு பழக்கம் உள்ள ஆள் தேவை என்று தேடியபோதுதான் அக்கா வந்தார். ஐம்பது வயது இருக்கும். சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் கவுண்டரில் இருபது வருஷம் ரிசல்ட் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர். நாங்கள் கேள்வி கேட்கத் தயாராக உட்கார்ந்திருந்தோம். அவர் முந்திக்கொண்டார்.

"ஜனங்க இதுல எழுதுறத யாரு பாப்பாங்க?"

யாரும் பார்க்க முடியாது, எல்லாம் சர்வரில் பத்திரமாக இருக்கும் என்றான் ஹக்கீம். சர்வர் என்றால் யார் என்று கேட்டார். அது மெஷின் அக்கா என்று நான் சிரித்தேன். அந்த மெஷினைத் திறக்கத் தெரிந்தவர் யார் என்றார். நான்தான் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப நீ பாப்ப" என்றார்.

அன்றைக்கே ஒரு சட்டம் போட்டுவிட்டார். கம்ப்யூட்டரில் யார் பெயரும் ஏறக்கூடாது, போன் நம்பரைக்கூட ஏதோ பூட்டில் போட்டு வைக்க வேண்டும். ஒன்றிலிருந்து நாற்பது வரை எண்கள் மட்டும்தான். எந்த எண் யார் என்பது அவருடைய நோட்டில் இருக்கும். அந்த நோட்டு அவர் கைப்பையின் உள் ஜிப்புக்குள் இருக்கும். காலையில் வந்ததும் நாற்பது பேர் எழுதியதையும் படிப்பார். யாருக்காவது சரியில்லை என்று பட்டால் போன் செய்து வேறு ஏதோ பேசுவதுபோல் பேசுவார். அவர் படிக்கும்போது நாங்கள் பின்னால் போய் நிற்கக்கூடாது. ஜன்னல் பக்கம் பார்த்திருந்த திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார். எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்தும் அம்மாவுக்கு எழுத்துத் தெரிந்துவிடுமாம். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

பரிசோதனை நிலையத்து வேலை எப்படிப் போனது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது ஹக்கீம் கேட்டான். பஸ் மாறி வந்த கதையைச் சொல்வதுபோல் சொன்னார். அங்கே ரிசல்ட் தாளை நாலாக மடித்து, காக்கிக் கவரில் போட்டு, இரண்டு ஸ்டேப்ளர் பின் அடித்து, உரியவர் கையில்தான் கொடுப்பாராம். புருஷன் வந்து கேட்டாலும் கிடையாது. ஒருநாள் ஊரில் பெரிய மனுஷர் ஒருவர் வந்து, அண்ணன் மகளுடைய ரிசல்ட்டைக் கொடு என்று நின்றார். இவர் மாட்டேன் என்றார். முதலாளியே வந்து கொடுக்கச் சொன்னார். அக்கா அந்தக் கவரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்து போய், கல்லூரி வாசலில் காத்திருந்து அந்தப் பெண் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார்கள்.

அதில் அப்படி என்ன இருந்தது என்று ஹக்கீம் ஆர்வமாகக் கேட்டான்.

"எனக்கு எப்பிடித் தெரியும்? பின் அடிச்சிருந்துச்சே" என்றார் அக்கா.

அவருடைய கேள்வியின் அருமை எங்களுக்கு அடிபட்டுத்தான் தெரிந்தது. வாரா வாரம் ஒரு சுருக்கத்தை வாட்ஸ்அப்பில் தானாகவே அனுப்பலாம் என்று ஹக்கீம் ஒரு யோசனை சொன்னான். நானும் இரண்டே நாளில் செய்து முடித்தேன். அக்கா வழக்கம்போல் யார் பார்ப்பார்கள் என்று கேட்டார். அவரவர் போனுக்குத்தானே அக்கா போகிறது என்று நாங்கள் காதில் வாங்கவில்லை. நெல்லிக்குப்பத்தில், கரும்பு ஆலையில் வேலை செய்கிறவர்கள் வீடுகளில், பொம்பளை கையில் இருக்கும் போனில் பாதிக்குமேல் வீட்டுக்காரருடையது என்று எங்கள் இரண்டு பேர் மண்டைக்கும் உறைக்கவில்லை. 'இந்த வாரம் நீங்கள் பதினொரு முறை கோபப்பட்டீர்கள். பெரும்பாலும் மாமியார் குறித்து' என்று ஒரு வீட்டுக்கு அழகாகப் போய்ச் சேர்ந்தது. அந்தப் போன் அப்போது சார்ஜில், மாமியாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. வந்த செய்தியை வாசித்துக் காட்டும் வசதியையும் அந்த வீட்டுக்காரர் போட்டு வைத்திருந்தார்.

அக்கா அடுத்த பஸ்ஸில் நெல்லிக்குப்பம் போனார். போவதற்கு முன் என்னை உட்கார வைத்து, அதே வாசகத்தைத் தன் போனுக்கும் அனுப்பச் சொன்னார். அந்த வீட்டில் போய் அதைக் காட்டி, "எனக்கும் பதினொண்ணுன்னுதான் வந்துருக்குது. எனக்கு மாமியாரே கெடையாதுமா. இந்தப் பசங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி அனுப்பித் தொலச்சிட்டானுவ" என்று சொல்லி, அந்த மாமியார் கையால் மோர் குடித்துவிட்டு வந்தார். வந்ததும் எங்களைத் திட்டவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். அந்த வசதியை நான் அன்றைக்கே அழித்தேன்.

இப்போது பதினேழாம் எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பதினேழு முதலில் கடலூர் முதுநகரில் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த எண். அவள் முதல் வாரத்திலேயே வேண்டாம் என்று விலகிவிட்டாள். எண் காலியாகக் கிடந்தது. யாருக்கும் தெரியாமல் அதை நான் எடுத்துக்கொண்டேன். அந்தச் சமயத்தில் எனக்குப் பஸ்ஸில் ஒரு விபரீதம் ஆரம்பித்திருந்தது. என் வீடு சிதம்பரம், தினமும் கடலூருக்கு வந்து போக வேண்டும். ஒருநாள் காலை வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியபோது திடீரென்று நெஞ்சு அடைத்தது, கை மரத்தது, காது இரைந்தது. செத்துப்போகப் போகிறேன் என்று நிச்சயமாகத் தோன்றியது. பாலம் தாண்டியதும் முட்லூரில் இறங்கி ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதன்பிறகு தினமும் அதே பாலம், அதே கூத்து. யாரிடம் சொல்வது? ஊருக்கே மனசைச் சமாளிக்கக் கற்றுக்கொடுக்க ஆப் செய்கிறவன் நான். எனக்கே இப்படி என்று தெரிந்தால் ஹக்கீம் என்ன நினைப்பான், பணம் போட வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்? வெட்கம் பிடுங்கித் தின்றது. பதினேழாம் எண்ணுக்குள் போய் ஒன்பது, ஒன்பது, பத்து என்று அழுத்தி, 'பாலம் வந்தா முடியல' என்று எழுதுவேன்.

ஒரு மாதம் போயிருக்கும். அக்கா என் பஸ்ஸில் ஏற ஆரம்பித்தார். அவரும் சிதம்பரம்தான், ஆனால் அரைமணி நேரம் முந்தைய பஸ்ஸில் போகிறவர். இப்போது என் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டு, ஊர் தாண்டும்வரை வாயைத் திறக்க மாட்டார். பாலம் வருகிற நேரத்தில் மட்டும் சண்டைக்கு வருவார்.

"ஆப்புல அந்தப் பட்டன ஏன் பச்சையில வச்சிருக்க?"

பச்சைதான் அக்கா நல்லது என்பேன். ஜனங்க அதைச் சரி என்று நினைத்து அழுத்திவிடுகிறார்கள் என்பார். அப்படி எத்தனை பேர் சொன்னார்கள் என்பேன். நீ எத்தனை பேரைக் கேட்டாய் என்பார். என் முன்கோபம்தான் தெரியுமே, உச்சஸ்தாயியில் பதில் சொல்வேன், முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். சண்டை முடிந்து நிமிர்ந்தால் முட்லூர் போயிருக்கும். இந்தப் பொம்பளை ஏன் காலங்காத்தாலே உயிரை வாங்குகிறது என்று நான் மனசுக்குள் திட்டியிருக்கிறேன். பாலம் தாண்டிவிட்டது என்பதைக் கவனிக்கவே எனக்குப் பல நாள் ஆனது. அப்போதும் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் புத்தி எனக்கு வரவில்லை.

பிறகு ஒருநாள், தான் ஒரு டாக்டரைப் பார்க்க வேண்டும், தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, துணைக்கு வர முடியுமா என்று கேட்டார். போனேன். கடலூரில் ஒரு மனநல டாக்டரின் கிளினிக் அது. பலகையைப் பார்த்ததும் எனக்குக் கால் தயங்கியது. பாவம், அக்காவுக்கு என்ன கஷ்டமோ என்று நினைத்துக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். எங்கள் முறை வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.

"எனக்குக் கோர்வையா சொல்ல வராது தம்பி. நீ போயி சொல்லு. பஸ்ஸுல பாலம் வந்தா நெஞ்சு அடைக்குது, கை மரத்துப் போவுது, செத்துடுவோம்னு தோணுது. எனக்குன்னே சொல்லு. நான் இங்கதான் இருக்கேன்."

எல்லாம் பதினேழாம் எண்ணில் நான் எழுதியவை. அவர் என் முகத்தைப் பார்க்காமல் பக்கத்தில் கிடந்த பத்திரிகையை எடுத்துப் பிரித்துக்கொண்டார். நான் உள்ளே போனேன். வெளியே ஒரு அக்கா இருக்கிறார், அவருக்கு இப்படி இருக்கிறது என்று டாக்டரிடம் ஆரம்பித்தேன். எத்தனை மாதமாக என்றார், சொன்னேன். தூக்கம் எப்படி என்றார், சொன்னேன். அவர் வீட்டில் யாரிடமாவது சொன்னாரா என்று கேட்டபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. இது எனக்குத்தான், டாக்டர் என்றேன். அவர் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. ஈசிஜி எடுக்கச் சொன்னார், இதயம் நன்றாக இருக்கிறது என்றார், இதற்குப் பெயர் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது என்றார். வெளியே வந்தபோது அக்கா பத்திரிகையை மடித்து வைத்தார். பசிக்கிறது, எங்கேயாவது டிபன் சாப்பிடலாம் என்றார்.

ஆறு மாதத்தில் பதினேழின் கோடு ஒன்பதிலிருந்து இரண்டுக்கு இறங்கியது. ஆப் பாதி, மாத்திரை பாதி, பாலத்துச் சண்டை பாதி. கணக்கு உதைக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

அந்தக் கோடுதான் வினையாகவும் வந்தது. சிதம்பரத்தில் ஒரு ஹோட்டல் ஹாலில் கூட்டம் வைத்தோம். பணம் போடுகிற இரண்டு பேர் சென்னையிலிருந்து வந்திருந்தார்கள். உள்ளூர் ஆட்களும் வாட்ஸ்அப்பில் செய்தி போடுகிறவர்களும் நிறையப் பேர். ஹக்கீம் இருப்பதிலேயே அழகான கோட்டைத் தேடி எடுத்துத் திரையில் போட்டிருந்தான். பதினேழு. அது நான்தான் என்று அவனுக்குத் தெரியாது. வந்தவர்களில் ஒருவர், இது நிஜமான ஆளா, நீங்களே வரைந்ததா என்று கேட்டுவிட்டார். ஹக்கீமுக்கு ரோஷம் வந்தது. மைக்கிலேயே, "அக்கா, அந்தப் பதினேழு யாரு? நீங்களே சொல்லுங்க" என்றான். போட்டிருந்த சட்டமெல்லாம் அந்த நிமிஷம் அவனுக்கு மறந்துபோயிற்று.

நான் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாலம் அந்த ஹாலுக்குள்ளேயே வந்துவிட்டது. எழுந்து நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாருமே சொல்லாவிட்டால் ஹக்கீம் பொய்யன் ஆவான்.

அக்கா எழுந்தார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

"நான்தான்" என்றார்.

கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். சாயங்காலத்துக்குள், மனநோயை வென்ற சிதம்பரம் பெண் என்று அவர் முகம் ஊர் முழுக்கப் போனில் சுற்றியது. சொந்தப் போனைக்கூடக் கவிழ்த்து வைக்கிற மனுஷி. கூட வேலை செய்த எங்களுக்கே அவருக்குப் பிள்ளைகள் எத்தனை என்று தெரியாது. மறுநாள் பஸ்ஸில், பாலத்துக்கு முன்னாலேயே, அக்கா, நேற்று நீங்கள் ஏன் என்று தொடங்கினேன். "அந்தப் பச்சைப் பட்டன மாத்துனியா இல்லியா?" என்றார். அதற்குமேல் பேச விடவில்லை. இப்போதெல்லாம் ரேஷன் கடையில் தனக்கு முதலில் வழி விடுகிறார்கள் என்று ஒருதரம் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது.

சென்னைக்காரர்கள் பணம் போடவில்லை. ஒரு வருஷத்தில் கம்பெனியை மூடினோம். நான் கடலூரிலேயே வேறு வேலைக்குப் போனேன். சிதம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன் வேலை அக்காவுக்குக் கிடைக்கப்போவதாகத் தெரிந்து சந்தோஷப்பட்டேன். அந்த வேலையோடு தங்க ஓர் அறையும் உண்டு. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லி வீட்டுக்காரர் நெருக்கிக்கொண்டிருந்த நேரம். வேலை அவருக்குத்தான் என்று சொல்லியும்விட்டார்கள். கடைசி நேரத்தில் யாரோ அந்தப் பழைய போட்டோவை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பெண் பிள்ளைகள் இருக்கிற இடம், அந்த மாதிரி வியாதி வந்தவரை எப்படி வைப்பது என்று நிறுத்திவிட்டார்கள். அக்கா என்னிடம் மூச்சுவிடவில்லை. ஹக்கீமின் தங்கை அந்த விடுதியில் தங்கிப் படித்ததால் அவனுக்குத் தெரிந்து, அவன் எனக்குப் போன் செய்தான்.

"மச்சான், அக்காவுக்கு அந்த வியாதி நெஜமாவே இருந்துச்சா?" என்று கேட்டான்.

இல்லை, எனக்கு இருந்தது என்றேன். ஏன்டா எங்கிட்ட சொல்லல என்று மட்டும் கேட்டான்.

அன்றைக்கே அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் பஸ் ஏறினேன். வெகுநாள் கழித்து அன்றைக்குப் பாலம் பழையபடி வந்தது. சண்டை போட ஆள் இல்லை. பச்சைப் பட்டன், பச்சைப் பட்டன் என்று எனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு கடந்தேன்.

விடுதியின் செயலாளர் வயதானவர், கண்டிப்பானவர். அந்தக் கூட்டத்தில் காட்டிய பதினேழு நான்தான் சார், அக்காவுக்கு ஒன்றும் இல்லை என்றேன். வாயால் சொன்னால் கமிட்டி ஏற்காது, எழுதிக் கொடுங்கள் என்று ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். என் பெயர், விலாசம், எனக்கு வந்தது என்ன, எந்த டாக்டரிடம் பார்த்தேன், என்ன மாத்திரை சாப்பிடுகிறேன், எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் இரண்டு தரம் படித்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

"எம் பையனுக்கும் ரயில்ல போனா இதேதான் தம்பி. வெளிய சொல்லிக்கல. அந்த டாக்டரு நல்லா பாப்பாரா?"

நன்றாகப் பார்ப்பார் என்று சொல்லி, கிளினிக் இருக்கும் தெருவையும் சொன்னேன்.

அக்காவுக்கு வேலை கிடைத்தது. சேர்ந்த ஒரு வாரத்தில் சிதம்பரம் பஸ் நிலையத்தில் என் பஸ் வரும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு காக்கிக் கவர், அதில் இரண்டு ஸ்டேப்ளர் பின்.

"ஃபைல்ல வச்சிருந்தாங்க. படிச்சாச்சில்ல, குடுத்துடுங்கன்னு கேட்டு வாங்கிட்டேன்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "இதல்லாம் ஏன் எழுதிக் குடுத்த? யாரு பாப்பாங்கன்னு யோசிச்சியா?"

"யோசிச்சேன்க்கா. பாக்கட்டும்னுதான் குடுத்தேன்."

அவர் கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார். எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல் இருந்தது. பஸ் நிலையத்தில் விழுந்தால் நாலு பேர் பார்ப்பார்களே என்று அதற்கும் அவர் திட்டுவார். கவரை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

அந்தக் கவரை நான் பிரிக்கவே இல்லை. நான் எழுதியதுதானே உள்ளே இருக்கிறது என்று பீரோவில் போட்டுவிட்டேன். போன மாதம் அக்காவுக்குப் போன் செய்து, உங்களைப் பற்றி எழுதலாமா என்று கேட்டேன். என் பேரு வேணாம், உன் விஷயம் உன் இஷ்டம் என்றார். அதனால் இன்று காலை, சரிபார்த்து எழுதலாம் என்று நகத்தால் இரண்டு பின்னையும் நெம்பிக் கவரைப் பிரித்தேன்.

என் கடிதம் இருந்தது. அதோடு நோட்டிலிருந்து கிழித்த ஒரு பக்கமும் இருந்தது. பதினேழு என்று எண் போட்ட பக்கம். அந்த முதுநகர்ப் பெண்ணின் பெயர் ஓர் எழுத்துகூடத் தெரியாதபடி கறுப்பு மையால் மூடியிருந்தது. அதற்குக் கீழே என் பெயரைத்தான் எழுதியிருப்பார் என்று தேடினேன். இல்லை. யாருமே பார்க்காத, உள் ஜிப்பிலேயே கிடந்த அந்த நோட்டில்கூட என் பெயரை அவர் எழுதியிருக்கவில்லை.

'பாலம்' என்று மட்டும் எழுதியிருந்தார்.